கூப்பிட்டவர் முதலில் பேர் சொல்லவும்

சார்செல்,
பாரிஸ் வடக்குப் புறநகர்.

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பிரான்சில் போன் வந்தால் எப்படி எடுக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், விவரமாக எழுது, அவளுக்கு உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருப்பவனிடம் சென்ட் கேட்பார்கள், சாக்லேட் கேட்பார்கள். மரியாதை வாங்கி அனுப்பச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். விமானத்தில் எடை போடாத சரக்கு என்பதால் தாராளமாகவே அனுப்புகிறேன். ஆனால் ஒன்று. போனை எடுக்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் போடுகிறவரைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன். எடுக்கிறவர் பாவம், அவரிடம் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. கோளாறு மறுமுனையில் இருக்கிறது.

நம் புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் ஏதோ ஒரு வீட்டில் போன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பால், கையெல்லாம் மாவு, வாசலில் கீரைக்காரம்மா. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஒருவர் ஓடிவந்து எடுத்து "ஹலோ" என்கிறார். "ஹலோ, யாரு பேசறது?" என்கிறது மறுமுனை. கேட்பது போன் போட்டவர்! எண்ணைத் தேடி எடுத்தவர் அவர், அழுத்தியவர் அவர், பால் பொங்கக் காரணமானவர் அவர்; கேள்வி மட்டும் நம்மைப் பார்த்து. இதே மனிதர் நேரில் வந்து கதவைத் தட்டி, திறந்தவரைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டால் தெருவே திரண்டுவிடும். போனில் கேட்டால் மட்டும் நாம் பேர், ஊர், அப்பா பேர் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறோம். கடைசியில் அவர், "அப்ப இது செல்வம் வீடு இல்லியா?" என்று ஏதோ நாம் செல்வத்தை ஒளித்துவைத்திருப்பதுபோலக் கேட்டு, டொக்கென்று வைத்துவிடுகிறார். பொங்கிய பாலுக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை.

இதில் என் கட்சி என்னவென்றால், போன் போடுகிறவருக்கு மூன்று விஷயம் தெரியும்: தான் யார், யாரைத் தேடுகிறார், எதற்காகத் தேடுகிறார். எடுக்கிறவருக்கு மணிச்சத்தம் தவிர ஒன்றும் தெரியாது. ஒருவருக்கு எல்லாம் தெரிந்தும் இன்னொருவருக்கு ஒன்றும் தெரியாமலும் தொடங்குகிற பேச்சில், தெரிந்தவர்தான் முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். போன் மரியாதை என்று ஊரில் சொல்லிக்கொடுப்பதையெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருவித்துவிடலாம். குரலைக் குழைப்பது, சிரித்துக்கொண்டே பேசுவது, "தயவுசெய்து" சேர்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம். பேரைச் சொல்லாமல் எவ்வளவு தேனொழுகப் பேசினாலும் எடுத்தவர் இருட்டில்தான் நிற்கிறார்.

இங்கே பிரெஞ்சுக்காரர்கள் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். போன் போட்டவுடன் வணக்கம் சொல்கிறார்கள், தன் பேரைச் சொல்கிறார்கள், "தொந்தரவு செய்யவில்லையே?" என்று கேட்கிறார்கள், அதன் பிறகுதான் "இன்னாரோடு பேச முடியுமா?" என்கிறார்கள். பேர் சொல்லாமல் நேராக ஆளைக் கேட்டால், எடுத்தவர் மிகப் பணிவாக "யார் பேசுவதாகச் சொல்லட்டும்?" என்பார். அந்தப் பணிவில் ஒரு சின்ன ஊசி இருக்கும். இது என் கற்பனையில்லை. தானியேல் கொதார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார், பிரான்சிலும் அமெரிக்காவிலும் போன் பேச்சை எப்படித் தொடங்குகிறார்கள் என்று ஒப்பிட்டு. எண் சரிதானா என்று கேட்டுக்கொள்வது, தன்னை யாரென்று சொல்வது, தொந்தரவுக்கு வருத்தம் தெரிவிப்பது எல்லாம் பிரான்சில் போன் போடுகிறவரின் கடமையாகக் கருதப்படுகிறது என்றார். மணி அடித்ததுமே ஒரு வீட்டுக்குள் நுழைந்தாகிவிட்டது, அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பது இவர்கள் எண்ணம். அவருக்கு முன்பே, 1968-ல், இமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்கர் போலீசுக்கு வந்த சுமார் 500 அழைப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டு ஆராய்ந்திருந்தார். எல்லாவற்றிலும் எடுத்தவர்தான் முதலில் பேசுகிறார். ஒன்றே ஒன்று மட்டும் விலகி நின்றது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டு, மணியடிப்பதே ஒரு கூப்பாடு, "ஹலோ" என்பது அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் என்ற முடிவுக்கு வந்தார். அதாவது எடுத்தவர் "ஹலோ" சொன்னதும் அவர் பங்கு முடிந்துவிட்டது. இனி பேச வேண்டியவர் கூப்பிட்டவர். நம் ஊரில் அவர் அந்த முறையை மறுபடி எடுத்தவர் பக்கமே தள்ளிவிடுகிறார்.

வெள்ளைக்காரன் பிறக்கும்போதே போன் மரியாதையோடு பிறந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரில் போன் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் உண்டு. பெர்னான் ரெய்னோ என்ற நகைச்சுவை நடிகர் 1955-ல் ஒரு நாடகம் போட்டார்: பாரிஸ் தபால் நிலையத்தில் நிற்கும் ஒருவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அனியேர் ஊரின் 22-ஆம் எண் கிடைக்கவே மாட்டேன் என்கிறது, கடைசியில் நியூயார்க்கைக் கேட்டு, நியூயார்க் வழியாக அனியேரைப் பிடிக்கப் பார்க்கிறார். இன்றும் கிழவர்கள் "22 அனியேர்" என்றாலே சிரிக்கிறார்கள். நம் பக்கம் டிரங்க் காலுக்குச் சொல்லிவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்த தலைமுறைக்கு இதில் ஒரு வரியும் விளக்க வேண்டியதில்லை.

டிரங்க் கால் என்றதும் முதல் ஆட்சேபணைக்கு வந்துவிடலாம். "பேர் சொல்லிப் பேசுவதெல்லாம் துரைமார் வழக்கம், நமக்கு அது பழக்கமில்லை" என்பீர்கள். பழக்கம் இருந்தது மாமா, நாம்தான் தொலைத்துவிட்டோம். பி.பி. கால் ஞாபகமிருக்கிறதா? யார், யாரோடு பேச வேண்டும் என்று எக்ஸ்சேஞ்சில் சொல்லிப் பதிய வேண்டும். அந்த ஆள் வந்தால்தான் முழுக்கட்டணம். ஆபரேட்டர் வழியாக நம் பேரும் ஊரும் நமக்கு முன்னே போய் நின்றன. அப்புறம் பக்கத்து வீட்டு எண்ணைக் கல்யாணப் பத்திரிகையிலும் கடை அட்டையிலும் போட்டு, பக்கத்தில் "பி.பி." என்று அச்சிட்ட காலம். அந்த எண்ணுக்குப் போன் போட்டவர் எவ்வளவு பவ்யமாகப் பேசினார்! "அம்மா, நான் திண்டிவனத்திலிருந்து இன்னார் பேசறேன், எதிர்வீட்டு இன்னாரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா, அஞ்சு நிமிஷம் கழிச்சு நானே போடறேன்." பேர், ஊர், வந்த காரியம், எடுத்தவருக்கு ஆகும் சிரமத்தைப் பற்றிய கவலை எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. எந்தப் பாரிஸ்காரரும் இதில் குறை சொல்ல முடியாது. எடுக்கிறவர் நமக்கு ஓர் உபகாரம் செய்கிறார் என்ற நினைப்பு இருந்தவரை மரியாதை தானாக வந்தது. எஸ்.டி.டி. பூத்து வந்து சிவப்பு எண்கள் ஓட ஓடப் பேசியபோதுகூட, காசுக்குப் பயந்தாவது விஷயத்துக்கு வந்தோம். வாட்ஸ்அப்பில் எல்லாம் இலவசம் என்று ஆனதும் எடுக்கிறவரின் நேரமும் இலவசம் என்று ஆகிவிட்டது.

அடுத்த ஆட்சேபணை கொஞ்சம் கனமானது. சொந்தக்காரர்களிடம் பேர் சொல்லிக்கொண்டு பேசினால் அது அந்நியமாகப் போய்விடும், "என் குரல்கூடத் தெரியலையா?" என்ற கேள்வியில் பாசம் இருக்கிறது என்பார்கள். இதன் முற்றிய வடிவம் உங்களுக்குத் தெரியும்: "யாருன்னு சொல்லு பாக்கலாம்!" இரண்டு கண்டங்களுக்கு நடுவே நடக்கிற இந்தப் புதிர்ப்போட்டியில் எடுத்தவர் ஒவ்வொரு பேராகச் சொல்லித் தோற்க, மறுமுனையில் வருத்தம் ஏறிக்கொண்டே போகும். தப்பான பேரைச் சொல்லிவிட்டால் தீபாவளி வரை பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டு. இதில் நியாயம் பார்ப்போம். பழைய டெலிபோன் லைன், மனிதக் குரலில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும்தான் கடத்தியது. அதற்குக் கீழும் மேலும் உள்ளதை வெட்டி எறிந்துவிட்டது. ஒரு குரலை இன்னார் குரல் என்று காட்டுகிற நுணுக்கங்களில் பலவும், "ஸ"வையும் "ஃப"வையும் பிரித்துக்காட்டுகிற சீறலும் அந்த வெட்டில்தான் போயின. அக்காள் தங்கை குரல் போனில் ஒன்றாகக் கேட்பதற்கும், மகனை அப்பா என்று நினைத்துக் கடன்காரர் பேசிவிடுவதற்கும் காது காரணமில்லை. இன்றைய செல்போன் பரவாயில்லைதான். ஆனால் டவர் கிடைக்காத இடத்தில் அதுவும் தகர டப்பாதான். எழுபது வயதுக் காதுக்கு எந்தக் கருவியும் முழு விசுவாசமில்லை. பாதி அறுத்து அனுப்பிய குரலைக் கொடுத்துவிட்டு முழு ஆளைக் கண்டுபிடி என்பது பரீட்சையில் மோசடி.

அதோடு நம் மொழியில் இதற்கு மிக அழகான வழி ஏற்கெனவே இருக்கிறது. "நான் கருவடிக்குப்பம் மாமா பேசறேன்." முடிந்தது. ஊரும் உறவும் சேர்ந்து வந்துவிட்டது. பேர் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிற பெரியவர்களுக்கும் சங்கடமில்லை. கணவர் பேரை வாயால் சொல்லாத பாட்டிக்கும் சங்கடமில்லை. பாரதியார் புதுச்சேரியில் இருந்த பத்து வருஷத்தில் நம் ஊர்க் குயில் தோப்பையும் சித்தானந்தர் கோயிலையும் பாட்டில் ஏற்றி வைத்தார். அந்தப் புண்ணியத்தில் கருவடிக்குப்பம் என்றால் தமிழ் படித்தவனுக்குப் போதும், வேறு விலாசம் வேண்டாம். இதைவிட்டு, பின்னணியில் கோயில் மணி கேட்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடாதா என்று அத்தை கேட்டால், வாகூரிலும் கோயில் இருக்கிறது, வில்லியனூரிலும் கோயில் இருக்கிறது என்று என் சார்பில் சொல்லிவிடுங்கள்.

இந்த முறை ஈரமில்லாதது, ஆபீஸ் பேச்சு மாதிரி இருக்கிறது என்று ஒரு குறை உண்டு. பாதி உண்மை. மரியா சிஃபியானு என்ற கிரேக்க மொழியியலாளர் இங்கிலாந்துப் போன் பேச்சையும் கிரேக்கப் போன் பேச்சையும் ஒப்பிட்டு 1989-ல் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயருக்குப் போன் பெரும்பாலும் காரியத்துக்கு; தொந்தரவு கொடுத்ததற்கு வருத்தம் சொல்லித் தொடங்குவார்கள். கிரேக்கர்களுக்கு அது உறவை வளர்க்கிற கருவி. கூப்பிட்டதே சந்தோஷம், மன்னிப்பு எதற்கு? படித்தால் புதுச்சேரிக்காரரைப் பற்றி எழுதியதுபோல இருக்கும். ஆகவே "சாப்டாச்சா? மழையா? முட்டிவலி தேவலையா?" என்று நாம் சுற்றி வருவதில் எந்தத் தப்பும் இல்லை. அதை விட்டுவிடச் சொல்ல நான் யார்? சுற்றுவது யார் என்று தெரிந்தபின் சுற்றலாம் என்பதுதான் விஷயம். பேரைச் சொல்ல மூன்று விநாடி. முட்டிவலிக்கு முப்பது நிமிடம் அப்புறமும் மிச்சமிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கமாகப் பேசி வைத்துவிடுவார்கள் என்றும் நம்பாதீர்கள். "சரி, வெச்சிடட்டா?" என்று சொல்லிவிட்டுப் புதிதாக ஒரு கல்யாண விஷயத்தை நாம் தொடங்குவதுபோல, இவர்களும் "பொன்... அலே... வுவாலா..." (சரி, ஆகட்டும், அவ்வளவுதான்) என்று நாலு தடவை எழுந்து நாலு தடவை உட்காருகிறார்கள். முத்தங்கள் அனுப்புவது தனிக்கணக்கு.

எடுக்கிறவருக்குக் கடமையே இல்லையா என்று பாப்பா கேட்பாள். உண்டு, அதுவும் அதே விதியிலிருந்துதான் வருகிறது. பிரெஞ்சுத் தபால்துறை வீடுகளுக்குக் கொடுத்த பழைய போன்களை இங்கே பழம்பொருள் சந்தையில் பார்க்கலாம். எஸ் 63 என்று ஒரு மாடல், சாம்பல் நிறம், சுழற்றும் வட்டு. அதன் முதுகுப்பக்கம் ஒரு கொக்கி. கொக்கியில் வட்டமாக ஒரு சின்னக் கேட்கருவி, தனி ஒயரோடு தொங்கும். வாய்ப்பகுதி கிடையாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கலாம். கேட்க மட்டும்தான், பேச முடியாது. மாமியார்களை மனதில் வைத்தே ஓர் அரசாங்கம் வடிவமைத்த கருவி உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். இப்போது பாருங்கள்: இங்கே எடுத்தவருக்குத் தெரிந்த, கூப்பிட்டவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதாவது இன்னொரு காது. நம் வீடுகளில் அந்த வட்டக் கருவிக்குப் பதில் ஸ்பீக்கர். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறோம். மறுமுனையில் ஒருவர் சம்பந்தி வீட்டைப் பற்றி மனம் திறந்துகொண்டிருக்கிறார். சம்பந்தி அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். "ஸ்பீக்கர்ல இருக்கீங்க, இன்னாரும் இருக்காங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் எத்தனை கல்யாணம் பிழைக்கும். வண்டி ஓட்டுகிறேன், டாக்டர் முன்னால் இருக்கிறேன் என்பதும் இந்த வகைதான். கூப்பிட்டவரின் கண்ணுக்குத் தெரியாததை எடுத்தவர் சொல்ல வேண்டும்.

மிஸ்டு கால் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. இந்தியாவில் செல்போன் வந்தது 1995-ல். 2003 வரை வருகிற அழைப்புக்கும் காசு கட்டினோம். அந்தக் காலத்தில் எடுக்காத மணியை ஒரு மொழியாகவே வளர்த்த கெட்டிக்காரர்கள் நாம். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தேன், இரண்டு என்றால் கீழே இறங்கி வா, விடாமல் மூன்று முறை என்றால் நீ போடு, உன்னிடம் காசு இருக்கிறது. அழைப்புக் கட்டணம் செத்துப் பல வருஷம் ஆகியும் மூன்றாவது மட்டும் சாகவில்லை. புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு வரும் மிஸ்டு கால் இன்றும் ஒரு அரசாணை. ஆனால் இங்கே ஒரு ரிங் விட்டு நிறுத்துவது மோசடிக்காரர்களின் வேலை. ஆவலில் திருப்பிக் கூப்பிட்டால் அது நிமிடத்துக்கு எக்கச்சக்கமாகக் கட்டணம் பிடுங்குகிற எண்ணாக இருக்கும். அதனால் தெரியாத எண்ணிலிருந்து ஒரு ரிங் வந்தால் பிரெஞ்சுக்காரன் எண்ணைத் தடை செய்துவிட்டுத் தூங்கப் போகிறான். உங்கள் பாசம் இங்கே குற்றப்பிரிவில் சேர்ந்துவிடுகிறது. புது சிம் வாங்கினால் முதலில் பேரோடு ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

மோசடி என்றதும் எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபணை வருகிறது. பேர் சொல்வதில் என்ன பெருமை? இன்று முழுப் பேரும் பதவியும் அடையாள எண்ணும் சொல்லிக்கொண்டு பேசுகிறவன்தானே திருடன்? "டிஜிட்டல் கைது" என்று சொல்லி, போலீஸ் உடையில் வீடியோவில் வந்து, வயதானவர்களை மணிக்கணக்கில் லைனிலேயே உட்கார வைத்துப் பணத்தைக் கறக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் இந்தியப் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்சேபணை சரிதான், ஆனால் அது என் கட்சிக்கே பலம் சேர்க்கிறது. பேர் சொல்வது நம்புவதற்காக இல்லை, சரிபார்ப்பதற்காக. "சரி, வைங்க, உங்க ஆபீஸ் நம்பருக்கு நானே போடறேன்" என்றால் உண்மையான அதிகாரி கோபப்பட மாட்டார். திருடன்தான் வைக்க விட மாட்டான். கவனியுங்கள், அந்த மோசடியில் பிடித்து வைத்திருக்கும் கயிறு பயம் மட்டுமில்லை. எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பது அவமரியாதை என்று நாம் வளர்த்த வளர்ப்பும்தான். அதனால் தாத்தா பாட்டிகளுக்கு "வணக்கம், நான் இன்னார்" என்று சொல்லிக்கொடுப்பதைவிட, பேச்சின் நடுவே வைத்துவிடச் சொல்லிக்கொடுப்பது அவசரம். தப்பித்தவறிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போட வேண்டும் என்பதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணோ குழந்தையோ எடுத்தால் தன் பேரைச் சொல்லவே வேண்டாம். "உங்களுக்கு யார் வேணும்?" போதும். ஜெர்மனியில் எடுத்ததுமே குடும்பப் பேரைச் சொல்வார்கள். நமக்கு அது ஒத்துவராது, வரவும் வேண்டாம்.

விற்பனைக்காரர்கள் விஷயத்தில் இங்கே மரியாதையைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2023 மார்ச்சில், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 மணியிலிருந்து 1 வரை, பிறகு 2 மணியிலிருந்து இரவு 8 வரை மட்டுமே வீடுகளுக்குப் போட்டு விற்கலாம் என்று விதி வந்தது. நடுவில் ஏன் ஒரு மணி நேரம் இடைவெளி என்கிறீர்களா? மதியச் சாப்பாடு! கஜெட்டில் ஏறிய சாப்பாட்டு நேரம் வேறெந்த ஊரில் உண்டு? அதுவும் போதவில்லை என்று, முன்கூட்டிச் சம்மதம் வாங்காமல் 2026 ஆகஸ்ட் 11 முதல் கூப்பிடவே கூடாது என்று 2025-ல் சட்டம் செய்தார்கள். யார், எதற்கு என்று தெரிந்துகொள்ளும் உரிமை எடுக்கிறவருடையது என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி பாப்பாவின் மேசை. ஆபீஸ் எண்ணுக்கு மட்டும் வரிசை மாறும். அங்கே எடுக்கிறவர் முதலில் ஆஸ்பத்திரி பேரையும் தன் பேரையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கூப்பிட்டவருக்குத் தான் எந்த மேசையில் விழுந்திருக்கிறோம் என்று தெரியாது. காத்திருக்கச் சொன்னால் எதற்காக, எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். போனை மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டுப் போகக்கூடாது. போனவர் பக்கத்து ஆளிடம் பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும். போன், இணையக் கம்பெனிகளின் சேவை எண்ணில் காத்திருக்கிற நேரத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று இங்கே 2008-லேயே சட்டம் வந்தது. பாட்டுப் போட்டுப் பணம் பண்ணியவர்களுக்குத்தான் அந்த அடி. நோயாளி சொல்கிற நோயைக் கூடத்துக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்லக் கூடாது. திருப்பிச் சொல்ல வேண்டியது எண்ணை மட்டும். இங்கே பத்து இலக்கத்தையும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 97 என்பதை "நாலு இருபது பதினேழு" என்கிற வாய்பாட்டில் சொல்வதால், கேட்கிறவர் பாதியிலேயே 80 என்று எழுதி, பிறகு அடித்து, பிறகு திருத்துவார். நாம் "டபுள் நைன் டிரிபிள் ஃபோர்" என்று வேகமாகச் சொல்லி எதிராளியின் காகிதத்தைக் குதறுவதும் அதற்குச் சளைத்ததில்லை. பேருக்கும் அதே கதி. நம் ஊர்க் குமார் பிரெஞ்சு எழுத்தில் கூமார் ஆகிவிட்டதால் எழுத்து ஆறு. ஒவ்வொரு எழுத்துக்கும் இவர்கள் ஒரு ஆள் பேர் வைத்திருக்கிறார்கள்: செலெஸ்தேன், ஒஸ்கார், உர்சூல், மர்செல், அனத்தோல், ரவுல். ஒரு குமாரை அறிமுகப்படுத்த ஆறு பிரெஞ்சுக்காரர்கள் வரிசையில் வந்து போகிறார்கள். கேலிக்குரியதுதான், ஆனால் மருந்துச் சீட்டில் பேர் மாறுவதில்லை. பாப்பா தமிழிலேயே "ம, மரத்துக்கு வருமே அந்த ம" என்று கேட்டுக்கொண்டால் போதும்.

கடைசியாக நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும்: இப்போதுதான் திரையிலேயே பேர் தெரிகிறதே, இத்தனை பாடம் எதற்கு? பேர் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. இரவு பதினொரு மணிக்குத் திரையில் "மாமா" என்று தெரிந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எடுத்தால் "ஒண்ணுமில்ல, சும்மாதான்." அந்த "ஒண்ணுமில்ல"வை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டால் எத்தனையோ மாரடைப்பு குறையும். திரை இன்னொன்றும் செய்திருக்கிறது. யார் என்று தெரிந்துகொண்டும் எடுக்காமல் இருக்கும் வசதி இப்போது எடுக்கிறவர் கையில். இங்கே இளசுகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள், முன்னறிவிப்பில்லாமல் வரும் மணியையே முரட்டுத்தனம் என்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. எடுக்க முடியாவிட்டால் "அப்புறம் போடுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பலாம்; தெரிந்தும் சும்மா இருப்பது, பேர் சொல்லாமல் கூப்பிட்டவரின் குற்றத்துக்கு அக்கா தங்கைதான்.

நேரக் கணக்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நமக்குள் நாலரை மணி நேரம் வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்கழியில் நீங்கள் விடியற்காலை 5 மணிக்குக் குளித்துக் கோலம் பார்த்துவிட்டு உற்சாகமாகப் போன் போட்டால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மதியம் 3 மணி எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். இங்கே காப்பி குடித்திருப்போம், சாப்பாடு இன்னும் ஆகியிருக்காது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார்கள். அந்த வாரம் கணக்குத் தப்பி நேரம்கெட்ட நேரத்தில் கூப்பிட்டாலும் வருத்தம் சொல்ல வேண்டாம். அது ஐரோப்பாக்காரன் செய்த தப்பு.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு வாழ்த்து.

அன்புடன்,
உங்கள் மருமகன்